ஈகைக்கு வேண்டியது செல்வமா?

கொடை என்றவுடன் கோயில் கட்டிய செல்வரும் பள்ளிக்கு நிலம் அளித்த சீமானும் நம் நினைவுக்கு வருகின்றனர். "உழைத்து அன்றாடம் உண்ணும் நம்மால் எதைக் கொடுக்க இயலும்?" என்று எண்ணி, ஈகையைப் பிறர் கடமையாக விட்டுவிடுகிறோம். இவ்வெண்ணம் சரியானதுதானா என்பதை நம் மக்களின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

ஒரு வெள்ளியின் வரலாறு

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கி வந்தது. அதன் நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்கும்பொருட்டு, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி திரட்டினார். அவர் பெருந்தொகை எதையும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களும் தங்கள் ஊதியத்திலிருந்து அந்த ஒரு வெள்ளியை எடுத்துக் கொடுத்தனர்.

கொடுத்தவர்களுள் பலர் பல்கலைக்கழக வாயிலை மிதித்திராதவர்கள். யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை படிக்கட்டும் என்றே கொடுத்தனர். அனைவரிடமும் ஒரே அளவு கேட்கப்பட்டமையால் ஏழை நாணவும் இல்லை. இருப்பவர் பெருமை பேசவும் இடமில்லை. இயன்ற அளவு கொடுத்தல், பலர் கூடிக் கொடுத்தல், கைம்மாறு கருதாது கொடுத்தல் ஆகிய மூன்றையும் இந்த ஒரு வெள்ளி நமக்குக் கற்பிக்கிறது.

அன்றாட வாழ்வில் ஈகை

மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால் வெட்ட இயலாது. மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் பாலும் குறையும். அப்போது எல்லார் வீட்டிலும் ஒருசேர வருவாய் சுருங்குவதால், கொடுக்க மனமிருந்தும் கையில் பொருளிருப்பதில்லை. இதற்கு நம் பாட்டிமார் அறிந்திருந்த வழி பிடியரிசி. நாள்தோறும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்போம். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம் எனக் கொண்டால், 30 நாளில் ஒன்றரைக் கிலோ சேரும். பத்துக் குடும்பங்கள் கூடினால் 15 கிலோ. நோயுற்ற ஒரு குடும்பத்தின் பசியைப் பல நாள் தீர்க்க இது போதும்.

பொருளின்றியும் ஈயலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் முதியவர் ஒருவருக்கு விண்ணப்பத்தாளை நிரப்பிக் கொடுக்கலாம். மாலையில் அரைமணி நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். வெளிநாட்டிலிருந்து வந்து நம்முடன் உழைக்கும் தொழிலாளிக்கு மருந்தகம் செல்லும் வழியைக் காட்டலாம். இவை யாவும் ஈகையே.

கொடுக்கும் முறை

"எங்கள் வீட்டில் அரிசி இல்லை" என்று வாய்விட்டுச் சொல்வோர் மிகச் சிலர். மானமுள்ளவர் பட்டினியைத்தான் மறைப்பார். ஆகவே, கேட்கட்டும் என்று காத்திராமல் நாமே அறிந்து கொடுத்தல் வேண்டும். ஒரு பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்குச் செல்லவில்லையெனில், காரணம் காய்ச்சலா, கையில் காசின்மையா என்று அன்போடு கேட்டறிவோம். கொடுத்ததைக் கடைத்தெருவில் சொல்லித் திரிந்தால், வாங்கியவர் மறுமுறை பசித்தாலும் நம் வாயிலுக்கு வரமாட்டார்.

கடன் வாங்கித் திருவிழாவில் வாரி வழங்கிவிட்டுப் பிள்ளையின் பள்ளிச் செலவுக்குத் தவிப்பது ஈகையாகாது. மதுவுக்கென்று கேட்பவருக்குக் காசு கொடுப்பதும் அவருடைய குடும்பத்திற்குச் செய்யும் தீங்கேயாகும். அவர் வீட்டுக்கு அரிசியாகவோ பாலாகவோ கொடுப்பதே தக்கது.

சிந்தித்துச் செயலாற்றுவோம்

1. நம் அண்டை வீடுகளுள் உதவி கேட்கத் தயங்கும் வீடு எது?

2. பொருள் செலவின்றி இவ்வாரம் நாம் செய்யக்கூடிய உதவி யாது?

3. பிடியரிசி சேர்க்க நம்முடன் இணையக்கூடிய குடும்பங்கள் எவை?

இக்கேள்விகளுக்கு இன்றிரவே குடும்பத்தோடு கூடியிருந்து விடை காண்போம். நாளை உலை வைக்கும்போது முதற்பிடியை எடுத்து வைப்போம்.