வெண்கலம் வென்ற நம் சிறுவர்

தேக்காவிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் இருப்பதை நாம் அறிவோம். 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், முதல் இளையர் ஒலிம்பிக் விளையாட்டுகளின் காற்பந்தாட்டம் அங்கேதான் நடைபெற்றது. சிங்கப்பூர், பொலிவியா, ஹைட்டி, மாண்டினீக்ரோ, ஸிம்பாப்வே, வனுவாட்டு ஆகிய ஆறு நாடுகளின் 15 வயதுச் சிறுவர் களமிறங்கினர்.

நம் சிறுவர் ஸிம்பாப்வேயை 3-1 எனவும், மாண்டினீக்ரோவை 3-2 எனவும் வென்றனர். தங்கம் நமக்கே என்று நாம் எண்ணத் தொடங்கிய வேளையில், அரையிறுதியில் ஹைட்டி 2-0 என நம்மை வீழ்த்தியது. அந்த ஹைட்டிச் சிறுவர் யார்? அதே ஆண்டு ஜனவரியில் பெரும் நிலநடுக்கத்தால் சிதைந்த நாட்டிலிருந்து வந்தவர்கள்! அவர்களிடம் தோற்றதில் நமக்கு வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை.

தோற்றவர்க்கு இன்னும் ஓர் ஆட்டம் எஞ்சியிருந்தது. வெண்கலத்துக்காக மீண்டும் மாண்டினீக்ரோவையே எதிர்கொள்ள வேண்டும். முன்னர் ஒரே கோல் வேறுபாட்டில் தோற்ற அவ்வணி, நம் ஆட்டத்தை நன்கு அறிந்திருந்தது. துவண்ட மனத்துடன் ஆடுவரோ என்று நாம் அஞ்சினோம். பயிற்றுநர் காதிர் யஹாயாவின் சிறுவரோ 4-1 என வென்றனர். பொலிவியா தங்கமும் ஹைட்டி வெள்ளியும் பெற்றன.