கொடி ரோஜா: கத்தரிக்கு முன் கயிறு

வாசலில் கொடி ரோஜா படரவிட ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு, நெடுநாள் முள்குத்து வாங்கியவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

1. முதல் இரண்டு வருடம் கவாத்து வேண்டாம். காய்ந்ததையும் ஒடிந்ததையும் மட்டும் எடுங்கள். தொட்டி ரோஜாவைப் பாதியாக வெட்டிப் பழகிய கை கொடியையும் அப்படியே வெட்டப் போகும். பூ தரும் பக்கக்கிளைகள் எல்லாம் அந்த நீளக் குச்சியிலிருந்துதான் வர வேண்டும். செடி ரோஜாவிலிருந்து தற்செயலாகக் கொடியாக மாறிய ரகங்களும் உண்டு. அவற்றை இளமையில் ஒட்ட வெட்டினால் மறுபடி செடியாகவே நின்றுவிடலாம்.

2. குச்சியைப் படுக்க வைத்துக் கட்டுங்கள். நான் சொல்வதில் இந்த ஒன்றை மட்டும் கேட்டாலும் போதும். நிமிர்ந்து நிற்கும் குச்சியின் நுனியில் சுரக்கும் ஆக்சின் கீழே இறங்கி, மற்றக் கணுக்களைத் தூங்க வைக்கிறது. அதனால் உச்சியில் மட்டும் நாலு பூ. பார்ப்பது மாடி வீட்டுக்காரர்தான். அதே குச்சியைச் சாய்த்துவிட்டால் கணுவுக்குக் கணு துளிர் கிளம்பும். பச்சையாக, இளசாக இருக்கும்போதே வளைக்க வேண்டும், முற்றினால் ஒடியும். ஒரே நாளில் மல்லுக்கட்டாமல் நாளுக்குக் கொஞ்சமாகச் சாயுங்கள். தூணில் ஏற்றுவதானால் நேராக ஏற்றாமல் சுற்றிச் சுற்றி ஏற்றுங்கள்.

3. பாகலுக்கு இருப்பது போன்ற பற்றுச்சுருள் ரோஜாவுக்குக் கிடையாது, மல்லிகைபோல் தானாகச் சுற்றவும் தெரியாது. முள்ளை மாட்டிக்கொண்டு சாய்வதுதான் அதற்குத் தெரிந்த ஏற்றம். கட்டுவது நம் வேலை. வாழைநாரோ பழைய வேட்டிக் கிழிசலோ போதும், விரல் நுழையும் தளர்வில் கட்டுங்கள். கட்டுக்கம்பி தண்டை அறுத்துவிடும். கம்பிவலைக்குள் நுழைத்துப் பின்னவும் வேண்டாம். தண்டு பருத்தபின் வெளியே எடுக்க முடியாது.

4. கவாத்துக் காலம் ரகத்தைப் பொறுத்தது. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் பாங்க்ஸியா போன்றவை சென்ற வருடக் குச்சியில் பூப்பவை. பூத்து முடிந்த கையோடு வெட்டுங்கள். முன்னால் வெட்டினால் அந்த வருடப் பூவையே வெட்டியதாகும். திரும்பத் திரும்பப் பூப்பவற்றுக்குச் சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், மழை விட்ட நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பக்கக்கிளையில் இரண்டு மூன்று கண் விட்டு, கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். அடியிலிருந்து புதுத் தண்டு வந்திருந்தால் கிழட்டுத் தண்டு ஒன்றை அடியோடு எடுக்கலாம். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள்.

5. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்து உங்கள் ரோஜா அல்ல, வேர்ச்செடி. மேலாக வெட்டினால் மறுபடி வரும். மண்ணைத் தோண்டி, கிளம்பிய இடத்திலேயே கிழித்தெடுங்கள்.

6. ரகம் வாங்கும்போது பூவின் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐரோப்பியக் கொடிகளில் பல நம் வெயிலுக்குச் சோர்ந்துவிடும். கொடைக்கானலைச் சேர்ந்த வீரராகவன், மணிப்பூர் மலைகளில் காடாக வளரும் ரோசா ஜைகாண்டியாவைக் கலந்து வெப்ப நாடுகளுக்கென்றே ரகங்கள் உருவாக்கியவர். 'கோல்டன் த்ரெஷோல்ட்', 'மணிப்பூர் மேஜிக்' என்ற பெயர்களை நர்சரியில் கேட்டுப் பாருங்கள்.

7. ஆறு மணி நேர வெயில், தொழு உரம், வேப்பம் பிண்ணாக்கு. தண்ணீர் காலையில், வேரில். சாயங்காலம் இலை நனைந்து கிடந்தால் கரும்புள்ளி வரும். உதிர்ந்த புள்ளி இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். முட்டை ஓட்டுக்கு அத்தனை பெருமை எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அது மக்கவே நெடுங்காலம் ஆகும்.

8. முழங்கை வரை வரும் தோல் கையுறை வாங்குங்கள். மண் பட்ட முள் ஆழமாகக் குத்தினால் அலட்சியம் வேண்டாம், போய் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.