பொம்மை வீட்டுச் சமையலறை கற்பிக்கும் பாடம்

(பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு)

பழமையான விளையாட்டுகளுள் ஒன்று சமையல் விளையாட்டு. மணலால் வீடு கட்டி, மணலையே சோறாக்கிப் பரிமாறும் விளையாட்டைத் தமிழ்ச் சிறுமியர் நெடுங்காலமாக ஆடி வந்துள்ளனர். அவ்வீட்டைச் 'சிற்றில்' என்றும், அச்சோற்றைச் 'சிறுசோறு' என்றும் நம் இலக்கியங்கள் கூறும். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில், தாம் கட்டிய சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று சிறுமியர் கண்ணனிடம் வேண்டும் பகுதி ஒன்று உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிலுக்கென்றே ஒரு பருவம் அமைந்துள்ளது. மணற்சோற்றுக்குப் பின் வந்தவை சொப்புச் சாமான்கள். அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிச் செய்த அடுப்பு, பானை, உரல், திருகை முதலியவற்றை வைத்து விளையாடாத பாட்டிமார் நம்மூர்ப் பக்கம் மிகச் சிலரே.

சொப்புச் சாமான்களைத் தனித்தனியே வைத்து விளையாடுவது ஒருவகை. சுவர், அடுப்பு மேடை, அலமாரி, சன்னல் ஆகிய அனைத்தையும் ஒரே அளவுத் திட்டத்தில் குறுக்கி, ஒரு முழுச் சமையலறையையே செய்து வைப்பது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையின் வரலாற்றையும், செய்முறையையும், அது நமக்குக் கற்பிக்கும் பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

வரலாறு

பொம்மை வீடு தொடக்கத்தில் குழந்தைகளுக்கு உரியதாக இருக்கவில்லை. ஜெர்மனியின் பவேரிய நாட்டுக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1558-இல் ஒரு பொம்மை வீட்டைச் செய்வித்தார். அது கோமகனின் செல்வச் சிறப்பைக் காட்டும் பொருளாகவே விளங்கியது; 1674-இல் மியூனிக் அரண்மனையில் மூண்ட தீயில் அழிந்துவிட்டது.

அதே நாட்டைச் சேர்ந்த நூரம்பெர்க் நகரத்தில்தான் பொம்மை வீடு பள்ளிக்கூடமாக மாறியது. அந்நகரத்து அன்னா கோபெர்லின் என்னும் பெண்மணி தாம் அமைத்த பொம்மை வீட்டை 1631-இல் மக்கள் பார்வைக்கு வைத்தார். சிறுவர் சிறுமியர் அதைப் பார்த்து இல்லம் பேணும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஓர் அச்சுத் தாளும் வெளியிட்டார். அந்த வீடு இன்று இல்லை. ஆயினும் 1639-ஆம் ஆண்டைச் சேர்ந்த வேறொரு பொம்மை வீட்டை நூரம்பெர்க் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

பின்னாளில் சமையலறை மட்டும் தனியே பிரிந்து, 'நூரம்பெர்க் சமையலறை' என்ற பெயருடன் பரவியது. முன்பக்கம் திறந்த ஒரு மரப்பெட்டி, நடுவில் அடுப்பு, அதன்மேல் புகையை வெளியேற்றும் கூம்பு, இருபுறமும் தட்டுகள், அவற்றில் செம்பு, பித்தளை, ஈயப் பாத்திரங்கள் வரிசை வரிசையாக இருக்கும். கிறிஸ்துமஸ் காலத்தில் இதைப் பரணிலிருந்து இறக்கிச் சிறுமியரிடம் கொடுப்பதும், விழா முடிந்ததும் மீண்டும் எடுத்து வைப்பதும் பல குடும்பங்களில் வழக்கமாக இருந்தது. பிற்காலத்தில் பொம்மை ரயில்களால் புகழ்பெற்ற மார்க்லின் நிறுவனம், 1859-இல் தன் தொழிலைத் தொடங்கியபோது செய்தவை தகரத்தாலான பொம்மைச் சமையற் சாமான்களே என்பது வியப்பான செய்தி அன்றோ!

ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பெட்ரொனெல்லா ஊர்ட்மன் என்னும் செல்வச் சீமாட்டி ஏறக்குறைய 1686 முதல் 1710 வரை ஒரு பொம்மை வீட்டை உருவாக்கினார். அதற்கான சிறு பீங்கான் கலங்கள் கீழை நாடுகளிலிருந்து தருவிக்கப்பட்டன. அதற்கு அவர் செலவிட்ட தொகையில் அந்நகரக் கால்வாய்க் கரையில் ஓர் உண்மையான வீட்டையே வாங்கியிருக்கலாம் என்பர். இன்று அது ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இங்கிலாந்தில் மேரி அரசிக்கென 1921 முதல் 1924 வரை கட்டப்பட்ட பொம்மை வீட்டின் சிற்பி எட்வின் லட்யன்ஸ். இன்று டில்லியில் நம் குடியரசுத் தலைவர் வசிக்கும் மாளிகையை வடிவமைத்தவரும் இவரே. அந்தப் பொம்மை வீட்டில் மின்விளக்கு எரியும்; குழாயில் தண்ணீர் வரும்; மின்தூக்கியும் இயங்கும். ஓர் அடிக்கு ஓர் அங்குலம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது அதன் அளவுத் திட்டம். இன்று உலகெங்கும் பொம்மை வீடு செய்வோர் பெரும்பாலும் பின்பற்றுவதும் இதே அளவைத்தான்.

இவற்றையெல்லாம் படித்தபோது எங்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. நூரம்பெர்க் சமையலறை சிறுமியருக்குக் கற்பித்தது, 'இது உன் இடம். இதைத் துலக்கி வை' என்பதுதானா? சமையலறை எப்படி அமைய வேண்டும் என்று அச்சிறுமியரிடம் எவரேனும் கேட்டிருப்பார்களா?

அக்கேள்வியைக் கேட்ட ஒரு பெண்மணி உண்டு. ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞரான மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் 'பிராங்க்ஃபர்ட் சமையலறை'யை வடிவமைத்தார். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதற்காக நடக்கிறார், அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்து, ரயில் வண்டியின் சமையற்கூடத்தையும் ஆராய்ந்து, அதற்கேற்ப மேடையையும் தொட்டியையும் அலமாரிகளையும் அவர் அமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். தொழிலாளர் குடியிருப்புகளில் ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைந்தது. ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யக்கூடிய அளவுக்கு அது குறுகலானது என்ற குறையையும் பிற்காலத்தார் கூறினர். ஆயினும், சமையலறையை அளந்து பார்த்து மாற்றலாம் என்று காட்டிய பெருமை அவருக்கு உண்டு.

செய்முறை

பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதைக் கைக்கொண்டால் கணக்கு மிக எளிது. வீட்டில் எத்தனை அடியோ, பொம்மை வீட்டில் அத்தனை அங்குலம். 10 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள சமையலறைக்கு 10 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் கொண்ட தடித்த அட்டை போதும். ஆறரை அடிக் கதவு ஆறரை அங்குலம் ஆகும். 2 அடி உயரமுள்ள காஸ் சிலிண்டர் 2 அங்குலம் ஆகும். முன்பக்கச் சுவரை விட்டுவிட்டு மற்ற மூன்று சுவர்களையும் நிறுத்த வேண்டும். சன்னலுக்குரிய இடத்தைச் சுவரை ஒட்டும் முன்பே வெட்டிக்கொள்வது நல்லது.

சுண்ணாம்பில் சிறிது கோந்து கலந்து சுவருக்குப் பூசலாம். காவிப்பொடியைக் கரைத்துத் தரைக்குப் பூசினால் பழைய வீட்டுச் சிவப்புத் தரை கிடைத்துவிடும். ஐஸ் குச்சிகள் அஞ்சறைப் பெட்டி வைக்கும் தட்டுகளாகும். தீக்குச்சி ஒன்று ஏறக்குறைய ஒன்றே முக்கால் அடி நீள விறகுக்குச் சமம். மருந்து முனையை மட்டும் வெட்டிவிட வேண்டும். தட்டையாக்கிய சோடா மூடி பெரிய தோசைக்கல் ஆகிறது. தீர்ந்துபோன மாத்திரை அட்டையின் குழிகளைக் கத்தரித்தால் கிண்ணங்கள் தயார். உடைந்த சிலேட்டுத் துண்டு அம்மிக்கு ஏற்றது. பானை, சட்டிகளைக் களிமண்ணால் வனைந்து நிழலில் உலர்த்தலாம். மாவினால் செய்தால் எறும்பு வந்துவிடும்.

மளிகைப் பொருள்களில்தான் வேடிக்கை அதிகம். அரிசி மணியை அரிசியாக வைக்க முடியாது. பொம்மையின் கண்ணுக்கு அது ஏழு சென்டிமீட்டர் நீளமுள்ள கட்டையாகத் தெரியும்! ரவைதான் அங்கே அரிசி. கடுகு அங்கே நெல்லிக்காய். மிளகு அங்கே பெரிய வெங்காயம்.

இங்கே கணிதப் பாடம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. நீளம் 12-இல் ஒரு பங்கானால், பரப்பு 144-இல் ஒரு பங்கு. கொள்ளளவோ 1,728-இல் ஒரு பங்கு. 15 லிட்டர் கொள்ளும் நம் தண்ணீர்க் குடம், பொம்மை வீட்டில் 9 மில்லிலிட்டருக்கும் குறைவாகவே கொள்ளும். அது இரண்டு தேக்கரண்டி அளவைக்கூட எட்டாது. நம் குடம் ஒன்று நிரம்ப, அந்தக் குடத்தால் 1,728 முறை முகந்து ஊற்ற வேண்டும்.

குறுகாத பொருள்களும் உண்டு. தண்ணீர்த் துளி எந்த வீட்டிலும் தன் அளவிலேயே திரளும்; பொம்மைக் குழாயின் வாயில் அது பூசணிக்காய்போலத் தொங்கும். துணியும் அப்படித்தான். பொம்மைக்குக் கட்டிய சேலை மடியாமல் விறைத்து நிற்கும். நைந்துபோன மல் துணியாக இருந்தால் ஓரளவு மடியும். நெருப்பும் குறுகாது. ஆகவே உண்மை நெருப்பைப் பொம்மை அடுப்பில் ஏற்றாமல், சிவப்புக் கண்ணாடித் தாளைக் கசக்கி வைப்பதே பாதுகாப்பு.

அலங்காரத்தைப் பற்றியும் ஒரு சொல். பளபளவென்று இருக்கும் சமையலறை கடையில் வாங்கியதுபோல இருக்குமேயன்றி, வீட்டில் இருப்பதுபோல இராது. அடுப்புக்கு மேலே விளக்குக் கரியை விரலால் தேய்க்க வேண்டும். மேடையின் ஓரத்தில் மஞ்சள் கறை சிறிது வேண்டும். கதவின் பின்னால் ஒரு கைப்பிடித் துணி தொங்க வேண்டும். இவை எங்கெங்கே இருக்கும் என்று அறிய, நம் வீட்டுச் சமையலறையை நாம் கூர்ந்து பார்த்தாக வேண்டும். உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

அளந்தபோது கண்டவை

பள்ளிக் கண்காட்சிக்காக எங்கள் வகுப்பில் அறுவர் சேர்ந்து இத்தகைய சமையலறை ஒன்றைச் செய்தோம். எங்களுள் ஒரு தோழியின் வீட்டுச் சமையலறையை மாதிரியாகக் கொண்டு, தையல் நாடாவால் அனைத்தையும் அளந்து எழுதிக்கொண்டோம். அவர்களுடையது வாடகை வீடு. அடுப்பு மேடை 3 அடி உயரம். தோழியின் தாயார் 4 அடி 9 அங்குலம். கணக்குப்படி மேடையை 3 அங்குல உயரத்திலும், பொம்மையை நாலே முக்கால் அங்குல உயரத்திலும் செய்தோம்.

பொம்மையை மேடையருகே நிறுத்தியதும் நாங்கள் வாயடைத்துப் போனோம். மேடை பொம்மையின் முழங்கை வரை வந்தது. மேடைமேல் அடுப்பையும், அடுப்பின்மேல் குக்கரையும் வைத்தபோது, குக்கரின் விளிம்பு பொம்மையின் தோளுக்கு மேலே போய்விட்டது. அந்த அம்மா நாள்தோறும் மணைப்பலகையின்மேல் ஏறி நின்று சமைப்பதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். அது ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது. அவரிடம் கேட்டதற்கு, "பழகிப்போச்சும்மா. வாடகை வீட்டு மேடையை நாம இடிக்க முடியுமா?" என்று சிரித்தார். அவ்வப்போது பலகை வழுக்கும் என்பதையும் அன்றுதான் சொன்னார்.

அடுத்து நடையை அளந்தோம். ஒரு நாள் காலையில் அவர் சிற்றுண்டி சமைத்து முடிக்கும் வரை, எங்கிருந்து எங்கே போகிறார் என்று ஒருத்தி குறித்துக்கொண்டாள். பிறகு பொம்மைச் சமையலறையில் குழாய், அடுப்பு, அரிசிப் பானை, அலமாரி ஆகிய இடங்களில் குண்டூசி குத்தி, ஒவ்வொரு நடைக்கும் சிவப்பு நூலை இழுத்துச் சுற்றினோம். நூலை அவிழ்த்து அளந்தால் 21 அடி! அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 252 அடி. அரிசிப் பானையைக் கோடியிலிருந்து மேடைக்குக் கீழே மாற்றி மீண்டும் சுற்றியபோது நூல் 15 அடியாகக் குறைந்தது. அதாவது 180 அடி. ஒரு வேளைச் சிற்றுண்டிக்கே 72 அடி நடை மிச்சம்.

கண்காட்சிக்கு வந்த தோழியின் தந்தையார் அந்தப் பொம்மையின் முன்னே வெகுநேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமே தச்சரிடம் சொல்லி, மேடையின் நீளத்துக்கு 4 அங்குல உயரத்தில் வழுக்காத மரப்படி ஒன்றைச் செய்து போட்டுவிட்டார். அரிசிப் பானையும் இடம் மாறியது. பல ஆண்டுகள் கண்முன்னே இருந்ததைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறுக்கியபோதுதான் வீட்டார் அனைவரும் கண்டனர்.

முடிவுரை

பொம்மைச் சமையலறை பெண்களை அடுப்பங்கரையில் கட்டிப்போடும் விளையாட்டு என்று சிலர் கூறலாம். துலக்கி அடுக்க மட்டும் கற்பித்தால் அது உண்மையே. ஆனால் அளக்கக் கற்பித்தால், 'மேடை ஏன் இந்த உயரம்? சன்னல் ஏன் இங்கே இல்லை? இங்கே ஏன் ஒருவர் மட்டுமே நிற்கிறார்?' என்ற கேள்விகள் தாமாகவே எழும். அளவுகோல் பிடித்த கை கேள்வியும் கேட்கும்.

ஆகவே தோழியரே, விடுமுறையில் ஓர் அட்டைப் பெட்டியும், பசையும், தையல் நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் அம்மாவின் உயரத்தையும், பிறகு மேடையின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். தம்பி, அண்ணன்மாரையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுப்பும் மேடையும் அவர்களுக்கும் உரியவைதாம். பெற்றோர்களே, பிள்ளைகள் நாடாவுடன் சமையலறைக்குள் வந்தால் விரட்டிவிடாதீர்கள். அவர்கள் செய்யப்போகும் சின்னஞ்சிறு அறையில் உங்கள் அன்றாட உழைப்பின் அளவும் குறிக்கப்பட்டிருக்கும்.