குண்டு வைப்பவன் ஏழையா, படிக்காதவனா?

'வறுமையும் படிப்பின்மையும்தான் தீவிரவாதத்தை வளர்க்கின்றன.' மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் ஆலன் க்ரூகரும் யித்கா மலேச்கோவாவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. லெபனானில் செத்த ஹிஸ்புல்லாப் போராளிகளை அந்நாட்டு மக்களோடு ஒப்பிட்டபோது, போராளிகளில் ஏழைகள் குறைவாகவும் மேல்நிலைப் படிப்பை எட்டியவர்கள் கூடுதலாகவும் இருந்தார்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு ஓட்டல்களில் குண்டோடு வெடித்தவர்களில் இருவர் பெரிய வாசனைச் சரக்கு வியாபாரியின் பிள்ளைகள். வறுமையை ஒழிக்க வேறு நூறு காரணம் உண்டு. இதையும் அதில் சேர்க்க வேண்டாம்.

'அப்படியானால் யாரோ மூளைச்சலவை செய்திருக்கிறார்கள்.' முன்பின் தெரியாத ஒருவன் பேசியே மயக்குவதெல்லாம் சினிமாவில். ஜிகாதி வலைப்பின்னலைச் சேர்ந்த 172 பேரை அலசி மார்க் சேஜ்மன் 2004-இல் நூல் எழுதினார். பெரும்பாலோரை உள்ளே கொண்டுபோனது ஏற்கெனவே இருந்த நட்பு, சிலரை உறவு. கொள்கை வெறி பிறகு ஏறியது என்பது அவர் முடிவு.

'நல்ல புத்தி சொன்னால் திருந்திவிடுவான்.' புத்தி சொல்லாமலே கைகொடுக்கவும் வழி உண்டு. ஜெர்மனியில் எக்ஸிட் என்றொரு அமைப்பு, நவநாஜிக் கூட்டத்திலிருந்து விலக நினைப்பவர்களுக்குத் துணை நிற்பது. 2011-இல் கேரா நகரில் அந்தக் கூட்டத்தின் இசைவிழா நடந்தபோது, எக்ஸிட் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் 250 டி-ஷர்ட்களை நன்கொடையாக அனுப்பியது. மண்டை ஓடு, கொடி, வீர வசனம் எல்லாம் அச்சடித்தவை. இலவசமாயிற்றே, வாங்கிப் போனார்கள். வீட்டில் துவைத்ததும் அந்த அச்சு கரைந்து அடியிலிருந்த எழுத்து தெரிந்தது: இந்தச் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், விலகிவர நாங்கள் உதவுகிறோம் என்ற பொருளில். ஹிட்லரைப் பற்றி ஒரு வரி வாதம் கிடையாது. குறும்புதான், ஆனால் விவரமான குறும்பு. ஆயுதத்தை விடுவது வேறு, எண்ணத்தை விடுவது வேறு என்று ஜான் ஹோர்கன் போன்ற ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். கொள்கையை விடாமலே கூட்டத்தை விட்டு வந்தவர்கள் உண்டு.

'எது பலிக்கும் என்று நிபுணர்களுக்குத் தெரியும்.' சிந்தியா லம் குழு 2006-இல் பயங்கரவாதம் பற்றிய 20,000-க்கும் மேற்பட்ட எழுத்துகளைச் சலித்தது. தடுப்பு நடவடிக்கையின் பலனை ஓரளவாவது முறையாக அளந்தவை ஏழே ஏழு. அவற்றிலிருந்து கிடைத்த ஒரு சேதி: விமான நிலையங்களில் மெட்டல் டிடெக்டர் வந்ததும் விமானக் கடத்தல் குறைந்தது, வேறு வகைத் தாக்குதல்கள் கூடின.