அமெரிக்கா போக நினைக்கும் பி.டி.எஸ். தம்பி, தங்கைகளுக்கு

1. முதலில் நாட்டை முடிவு செய்யுங்கள். இங்கிலாந்துக்கு ஓ.ஆர்.இ., ஆஸ்திரேலியாவுக்கு ஏ.டி.சி., கனடாவுக்கு ஏ.எஃப்.கே.யில் தொடங்கும் தேர்வுகள். இவற்றை மறுபடி கல்லூரிக்குப் போகாமலே எழுதலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடம் திரும்பவும் மாணவராக உட்கார வேண்டும். எம்.டி.எஸ். முடித்தவர்களும்தான். அதற்கு மனசு ஒப்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. பெயர். நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திகா எஸ்’, பட்டத்தில் ‘எஸ். கார்த்திகா’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திகா செல்வம்’. நமக்கு மூன்றும் ஒரே பெண். அங்கே இருப்பவருக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியாது) என்று விழும். டென்ட்பின் எண் வாங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரி செய்யுங்கள். தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் அந்த எண்தான். எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட்டும் வாங்கி வையுங்கள்.

3. அமெரிக்காவின் பல் மருத்துவத் தேர்வான ஐ.என்.பி.டி.இ.யில் 500 கேள்விகள், இரண்டு நாள். ரிசல்ட் பாஸா ஃபெயிலா என்பதோடு சரி. பாஸ் பண்ணிய பிறகு அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். டோஃபலை மட்டும் ரொம்ப முன்கூட்டி எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும்.

4. விண்ணப்பத்துக்கான கேப்பிட் தளம் மார்ச் வாக்கில் திறக்கும். மார்க் ஷீட்டுகளை மதிப்பிடும் நிறுவனத்துக்கு டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்தே நேராகப் போக வேண்டும். நீங்கள் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினால் எடுபடாது. கிண்டி எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகமோ உங்கள் நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ, தீபாவளி முடிந்ததுமே அலையத் தொடங்குங்கள்.

5. பல கல்லூரிகள் நேர்முகத்தோடு பெஞ்ச் டெஸ்ட்டும் வைக்கும். டைப்போடான்ட்டில் ஒரு கிரவுன் பிரிப்பரேஷன், ஒரு கிளாஸ் டூ, சில இடங்களில் வேக்ஸ்-அப். நேரம் குறைவு. பல்லைச் செதுக்கும் அழகைவிடப் பக்கத்துப் பல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள். பர் லேசாக உரசிய கோடு தெரிந்தால் போச்சு. அதனால் பக்கத்துப் பல்லோடு ஒட்டும் இடத்தைத் திறக்கும்போது மெல்லிய எனாமல் தகடு ஒன்றை விட்டு வைத்து, கடைசியில் உடைத்தெடுக்கப் பழகுங்கள். மேல் கடைவாய்ப் பல்லைக் கழுத்தை வளைத்துப் பார்த்துச் செய்வது நம் பழக்கம். கண்ணாடியில் பார்த்தே செய்யுங்கள். உட்காரும் விதத்தையும் கவனிப்பார்கள்.

6. விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி எழுதித் தரும் ஸ்டேட்மென்ட்டில் ‘சிறு வயது முதலே பல் மருத்துவராக ஆசை’ என்று எழுதாதீர்கள். நீட் கட்-ஆஃப் கதை நமக்குத் தெரியாதா! பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதுங்கள்.

7. பணம். கட்டணம் மட்டுமே வருடத்துக்கு லட்சம் டாலரைத் தாண்டும் கல்லூரிகள் உண்டு. அங்கே கடன் கேட்டால் பெரும்பாலும் அந்நாட்டுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே வங்கியில் கேட்டால் வீட்டுப் பத்திரம். அப்பாவிடம் பேசும்போது தங்கும் செலவையும் சேர்த்து மொத்தத்தையும் ரூபாயில் எழுதிக் காட்டுங்கள். டாலரில் சொன்னால் யாருக்கும் உறைக்காது.