ஜவ்வாது மலையின் ஏரிக்கரை ஊர்

போளூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை, நெல்வயல்களைக் கடந்து, வளைந்து வளைந்து மலைமேல் ஏறுகிறது. ஏறி முடிந்ததும் வானளாவிய சிகரம் எதுவும் கண்ணிற்படுவதில்லை. மேடும் பள்ளமுமாக விரிந்த நிலமும், சாமைக் கொல்லைகளும், அவற்றினிடையே சிற்றூர்களுமே காணப்படுகின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை இதுவே. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் இது பரவியுள்ளது. சந்தன மரத்திற்குப் பேர்போன மலை; பெயரிலேயே மணம் கமழ்கிறதன்றோ!

இம்மலையில் ஜமுனாமரத்தூர் என்னும் ஊர் வட்டத்தின் தலைமையிடமாக விளங்குகிறது. அதன் அருகே உள்ள கோமுட்டேரியில் படகுத்துறை ஒன்று உண்டு. கோடை விழா நாட்களில் சமவெளி மக்கள் திரள் திரளாக வந்து கூடுவர். ஏரி என்னவோ சிறியதுதான். ஆனால், இம்மலையில் பெய்யும் மழைநீரே செய்யாறாகப் பெருகி, கீழேயுள்ள பல பெரிய ஏரிகளை நிரப்பி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது.

இங்கு மக்கள் குடியேறியது நேற்று இன்றன்று. பெருங்கற்காலத்துக் கற்றிட்டைகள் மலையில் இன்றும் நிற்கின்றன. பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த ஈமச் சின்னங்கள் அவை. குள்ள மனிதர் வாழ்ந்த வீடுகள் அவை என்று மலைமக்கள் கதை சொல்வர்.

அம்மக்கள் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாரென்று எண்ணிவிடுதல் கூடாது. மலையை ஆள்பவர் என்பதே இங்குப் பொருள். அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. ஊர்தோறும் ஊர்க்கவுண்டர் இருப்பார். பல ஊர்களுக்கு மேலே நாட்டார் இருப்பார். திருவிழாவுக்கு நாள் குறிப்பதும், வழக்குகளைத் தீர்ப்பதும் ஊர் கூடியே நடைபெறும்.

சாமையே இவர்களின் உயிர்ப்பயிர். மழையை மட்டும் நம்பி, சில மாதங்களிலேயே விளைந்துவிடும். ஆனால், அதன் உமி எளிதில் நீங்காது. பெண்கள் உரலிலிட்டு நெடுநேரம் குத்தியே அரிசியாக்கினர். சாமைச்சோற்றின் சுவையைப் புகழ்வோர் பலர். அந்த உலக்கையின் பளுவை நினைப்போர் சிலரே. ஆலைகள் வந்தபின் இவ்வுழைப்புக் குறைந்துள்ளது. சாமையோடு தேனும் புளியும் மலையிலிருந்து இறங்கிச் சந்தைக்குச் செல்கின்றன.

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் காப்புக்குள் கொண்டுவந்தது. மரம் வெட்டிப் புனம் எரித்துப் பயிரிடும் பழைய முறை ஒடுங்கியது. தலைமுறைகளாக உழுத நிலத்தின்மேல் உரிமை கோரும் வழியை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே திறந்தது.

இம்மலையின் ஒருபுறம் காவலூர் உள்ளது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வு நிலையத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986-இல் திறந்து வைக்கப்பட்டது. கோடானுகோடி மைல்களுக்கு அப்பாலுள்ள விண்மீன்களை அது அருகே காட்டுகிறது. அதே மலைத்தொடரின் வேறொரு புறத்தில், வேலூர் மாவட்டத்து அல்லேரியில், 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே குழந்தை இறந்தது. உடலை ஏற்றி வந்த ஊர்தி ஊர்வரை செல்லச் சாலையில்லை. எஞ்சிய வழியைத் தாய் நடந்தே கடந்தாள். குழந்தை அவள் கையில் இருந்தது.

அவ்வாண்டு நவம்பரில் மற்றொரு தாயும் இம்மலையிலிருந்து புறப்பட்டாள். புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் இளம்பெண், பிள்ளை பெற்ற சில நாட்களுக்குள், உரிமையியல் நீதிபதிக்கான தேர்வை எழுதச் சென்னைக்குப் பயணமானார். கணவர் உடன் சென்றார். 2024 பிப்ரவரியில் முடிவு வெளிவந்தது. அவர் தேர்ச்சி பெற்றிருந்தார். ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் வழக்குத் தீர்த்து வந்த மலையில் பிறந்த பெண் நீதிபதியானதை அறிந்து, ஊரார் மேளம் கொட்டி அவரை வரவேற்றனர்.