தோப்புக் குட்டிக்கு எத்தனை ஊசி?

அன்புள்ள மருமகனுக்கு,

மாந்தோப்பிலிருந்து நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்து வளர்க்கிறாயாம், உன் அம்மா சொன்னாள். "வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டால் போதும்தானே மாமா?" என்று கேட்டிருந்தாய். நோய்கள் பல, மருந்துகளும் பல. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

அவசரம் குட்டிக் கணக்குக்குத்தான். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்கள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும். அது நோயைத் தடுக்கும். கூடவே, நாம் போடும் தடுப்பு மருந்தையும் வேலை செய்யவிடாது. ஒரு குட்டிக்கு அது 8 வாரத்தில் வடிந்துவிடும், இன்னொன்றுக்கு 14 வாரம் தாண்டியும் நிற்கும். முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும்வரை போடுகிறார்கள். மூன்று ஊசி என்றால் மூன்று மடங்கு பலம் என்று நினைத்துவிடாதே. எது பிடிக்கும் என்று தெரியாததால் மூன்று தடவை முயல்கிறோம், அவ்வளவுதான். ஆகவே கடைசி ஊசிதான் முக்கியம்; பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான். "ரெண்டு ஊசி போட்டும் பார்வோவில் போயிடுச்சே" என்று அழுபவர்களில் பலர் இந்தக் கூட்டம்.

பார்வோ பழைய நோயல்ல. 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவி, 1980களின் தொடக்கத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டது. வாந்தி, ரத்தக் கழிச்சல், சில நாளில் குட்டி காலி. கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே ஊசிகள் முடியும்வரை குட்டியை மாங்காய் மண்டிப் பக்கமோ பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ தரையில் விடாதே. மாட்டாஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டே போ.

அதே ஊசியில் டிஸ்டெம்பர் என்ற நோய்க்கும் மருந்து உண்டு. 2018இல் கிர் காட்டுச் சிங்கங்களைக் கொன்ற வைரஸ் அதுதான். கௌண்டின்யா காட்டுக்குப் பக்கத்தில் நாய் வளர்க்கும் நாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் ஆறு மாதம் முடிந்ததும் இன்னொரு ஊசி, பிறகு மூன்று வருஷத்துக்கு ஒன்று போதும் என்கிறது உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கம். நம் பக்கத்து டாக்டர்கள் 'செவன் இன் ஒன்'னை வருஷா வருஷம் போடச் சொல்வார்கள். உடனே காசு பிடுங்குகிறார்கள் என்று சொல்லாதே. அதில் எலிக்காய்ச்சல் மருந்தும் சேர்ந்திருக்கிறது. அதன் பலம் ஒரு வருஷத்துக்கு மேல் நம்ப முடியாதது. மழைத் தண்ணீர் தேங்கும், எலி ஓடும் தோப்பில் திரியும் நாய்க்கு அது தேவைதான்.

வெறிநோய் ஊசி தனி. 12 வாரம் நிறைந்த பின் ஒன்று, அதிலிருந்து ஒரு வருஷத்தில் ஒன்று, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. மூன்று வருஷம் தாங்கும் என்று அட்டையில் போட்ட மருந்தும் உண்டு. ஆனால் தெருநாயிடம் கடிபடும் வாய்ப்புள்ள நம் ஊரில் வருஷக் கணக்கையே பிடித்துக்கொள். ஊர் முழுக்க என்று வரும்போது இன்னொரு காரணமும் சேர்கிறது: இந்த வருஷம் எல்லா நாய்க்கும் போட்டாலும், அடுத்த வருஷத்துக்குள் ஊசி காணாத குட்டிகள் பிறந்து ஓடும். நூற்றில் எழுபது நாய்க்காவது ஊசி இருந்தால்தான் நோய் பரவாது. கோவாவில் வருஷந்தோறும் தெருத்தெருவாகப் போய்ப் போட்டார்கள். 2021இல் அந்த மாநிலம் வெறிநோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

ஊசி போட்டதும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டி, தேதி எழுதி வாங்கு. ஊசி போட்ட நாயே உன்னைக் கடித்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. பாட்டி பயமுறுத்தும் 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' எல்லாம் மலையேறிவிட்டது, இப்போது கையில்தான்.

1885 ஜூலை 6இல் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலாக வெறிநோய் ஊசி போடச் செய்தார். அதன் நினைவாக ஒவ்வொரு வருஷமும் ஜூலை 6இல் கால்நடை ஆஸ்பத்திரிகளில் இலவசமாக நாய்களுக்குப் போடுவது வழக்கம். தோப்பில் இன்னும் ஒரு தாய் நாய் இருக்கிறதல்லவா? காவல்காரத் தாத்தா சொன்னால்தான் அது வரும். அவரையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
மாமா